அந்தப் படத்தில் நீ பார்த்த ஓட்டைகள்

அருள்,

சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். காரணம் உனக்கே தெரியும். அந்த விபத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே நீ எழுந்து போய்விடுகிறாய். இரண்டு வருடமாக இதுதான் கதை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவாய். இல்லையென்றால் கோப்பி வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாய். காகிதத்திடம் அந்த வித்தை பலிக்காது. நீ எழுந்து போனாலும் திரும்பி வரும்போது அது அங்கேயேதான் கிடக்கும்.

சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நீயும் ஸ்டெல்லாவும் புக்கிட் பாத்தோக் வீட்டுக்குக் குடிபோய்விடுவீர்கள். ஈசூனிலிருந்து அங்கே வருவதற்கு நான் இரண்டு பஸ் மாறவேண்டும்; வருவேன், அது வேறு விஷயம். ஆனால் நீ இந்த வீட்டை விட்டுப் போகும்போது உன்னோடு ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு போவதை நான் விடமாட்டேன். அது யாரும் சொன்ன பொய் இல்லை. நீயாகப் பார்த்து, நீயாக நம்பியது. அப்படி ஒன்று உன் மனதில் இருப்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

கல்யாணச் சேலைக்கு ரவிக்கை அளவு சரிபார்க்க ஸ்டெல்லா வந்திருந்தாள். வேலை முடிந்தும் கிளம்பாமல் அடுக்களையில் என் பக்கத்தில் நின்று பயற்றங்காயை ஒடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

"ஆண்ட்டி, ஒன்னு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு லா. என்ன பயம்?"

"அருள் அன்னைக்கு என்கிட்ட அழுதுட்டாரு. உங்க கண்ணுக்குக் கீழ எலும்பே இல்லையாம், ஓட்டை ஓட்டையா இருக்காம். டாக்டர் ரூம்ல, படத்துல, அவரே கண்ணால பார்த்தாராம். 'எங்கம்மா முகத்துல அந்த ஓட்டைய போட்டவன் நான்தான்'னு சொல்றாரு. நிஜமா ஆண்ட்டி?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்தும் விட்டேன், அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு, இரண்டு வருடமாக நீ எதை நினைத்துக்கொண்டு என் இடது பக்கம் உட்காராமல் இருக்கிறாய், எதை நினைத்துக்கொண்டு போட்டோக்காரரிடம் "அம்மாவ ரைட் சைட்லேர்ந்து எடுங்க" என்று சொன்னாய் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்க விளங்க, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் சொன்னதற்காக ஸ்டெல்லாவைக் கோபிக்காதே. அவள் கேட்டது நல்ல கேள்வி. நீயே என்னிடம் கேட்டிருக்க வேண்டியது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள். அன்று ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தேக்கா சந்தைக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போகவேண்டும் என்றேன். "பஸ்ல போங்களேன்" என்றார் அப்பா. எனக்கு உன் பைக்கில் போவதுதான் பிடிக்கும். ராணுவ சேவை முடித்து, வேலையில் சேர்ந்து, நீயே சம்பாதித்து வாங்கிய வண்டி. சேலையை ஒருபுறமாகச் செருகிக்கொண்டு உன் தோளைப் பிடித்தபடி உட்காரும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? காலையில் மழை பெய்து விட்டிருந்தது. எம்ஆர்டி ரயில் பாலத்துக்குத் தூண்கள் எழுப்பிக்கொண்டிருந்த சாலைத் திருப்பத்தில், மண் ஏற்றிப்போன லாரி சிந்திய ஈரக் களிமண் ரோட்டில் வெண்ணெய் தடவியது மாதிரி கிடந்தது. நீ மெதுவாகத்தான் திரும்பினாய். எனக்குத் தெரியும், நான் பின்னால் உட்கார்ந்திருந்தவள். முன் சக்கரம் வழுக்கியது, வண்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாக விழுந்தோம். உனக்கு முழங்கையில் தோல் உரிந்தது. என் இடது கன்னம் நடைபாதையின் ஓரக்கல்லில் போய் மோதியது. தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியது. அதற்கு முன்பக்கம் மூடி கிடையாது, முகத்தை அது என்ன செய்யும்?

நீ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "என் செருப்பு ஒன்னக் காணோம்டா, பாரு." அங்கே வந்த மலாய்ப் போலீஸ்காரர் சக்கரத் தடத்தைப் பார்த்துவிட்டு, பையன் மெதுவாகத்தான் வந்திருக்கிறான், குற்றம் இந்த மண்ணின் மேல்தான் என்று மலாயில் சொன்னார். அது என் காதில் விழுந்தது. உன் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் உனக்கு எதுவுமே விழுந்திருக்காது.

மருத்துவமனையில் அன்று இருந்த இளம் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கன்னத்து எலும்பில் விரிசல் மாதிரி தெரிகிறது, வீக்கம் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார். வீக்கம் இருந்தவரை நானும் அப்படித்தான் நினைத்தேன். வடிந்த பிறகுதான் வேறு கதை தெரிந்தது. இடது கன்னம் சாசர் மாதிரி தட்டையாகிவிட்டது. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு உள்ளே தள்ளவேண்டியிருந்தது. கன்னமும் மேலுதடும் மரத்துப்போய், பல் பிடுங்க ஊசி போட்டதுபோலவே இருந்தன. எல்லாவற்றையும்விட மோசம், கண். நேரே பார்த்தால் சரியாக இருக்கும். கொஞ்சம் மேலே நிமிர்ந்தால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும்.

அப்பாவோடு சிராங்கூன் ரோட்டில் நடந்துபோனேன். பூக்கடைக்கு மேலே தொங்கிய மாலைகள் எல்லாம் ஜோடி ஜோடியாக ஆடின. கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் எதிரே வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி தள்ளிப்போனார்கள். ஒரு கடையின் வாசற்படி ஏறும்போது மேலே நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன், இரண்டு அப்பா. "ஒருத்தர வச்சே என்னால முடியல, இப்ப ரெண்டா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நடுத்தெருவில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கன்னத்தைப் பற்றிக் கவலை குறைவு. கண்ணைப் பற்றித்தான். உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் குடும்ப நாள் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். என் நாற்காலியில் உன்னை உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். "அம்மா, தங்கத்துல முடி!" என்று கூவினாய். அரிசி மணியைவிடச் சிறிய சிப்பிலிருந்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து, அதைச் சுற்றியுள்ள உலோகக் காலில் ஒட்டவேண்டும். எழுபதுகளில் ஃபேக்டரி திறந்தபோது, ஏழாவதுக்குமேல் படிக்காத நான் வேலை கேட்டுப் போய் நின்றேன். முதலில் சோதித்தது என் கண்களைத்தான். அந்த இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே படமாகப் பார்த்ததால்தான் இந்த வீட்டில் பாதிச் சாப்பாடு. நான் லைன் லீடர் ஆனதும் அதனால்தான். இரண்டாகத் தெரிகிற கண்ணோடு அந்த நாற்காலியில் நான் எப்படிப் போய் உட்காருவேன்?

அதனால்தான் முக அறுவை செய்யும் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் வோங், ஒல்லியாக, பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கிற மனிதர். அவர் என் எக்ஸ்ரேயை விளக்கின் முன் மாட்டிவிட்டு, இதை மட்டும் நம்பிக் கத்தியை எடுக்க எனக்கு விருப்பமில்லை என்றார். முகத்தில் எலும்புகள் ஒன்றின்பின் ஒன்றாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் அத்தனையின் நிழலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாது என்றார். சிடி ஸ்கேன் எடுத்தால் முகத்தை ரொட்டி மாதிரி துண்டு துண்டாகப் பார்க்கலாம். அதோடு, அந்தத் துண்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் திரும்ப அடுக்கி, முழு மண்டையோடாகத் திருப்பிப் பார்க்கிற வசதி இப்போதுதான் இங்கே வந்திருக்கிறது, உங்களுக்கு அதைச் செய்து பார்க்கலாம் என்றார்.

ஸ்கேன் எடுத்தது சாந்தி என்கிற பெண். நம்ம ஆள்தான், தமிழிலேயே பேசினாள். "அக்கா, அசையக்கூடாது. எச்சில்கூட முழுங்காதீங்க. நீங்க அசைஞ்சா துண்டு ஒன்னோட ஒன்னு பொருந்தாது, மூஞ்சி படிக்கட்டு மாதிரி ஆயிடும்." அந்த வளையத்துக்குள் தலையைக் கொடுத்துப் படுத்தேன். ஒரு துண்டு எடுக்கும், மெத்தை இம்மி நகரும், மறுபடி ஒரு துண்டு. முடிந்தது என்று நினைத்தால், குப்புறப் படுக்கவைத்து மோவாயை முன்னால் நீட்டச்சொல்லி இன்னொரு முறை. கண்குழியை நேருக்கு நேராக வெட்டிப் பார்ப்பதற்கு அதுவாம். கழுத்து வலித்தது. நான் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே கிடந்தேன், உதடு அசையாமல்.

இப்போது நீ இருந்த அந்த நாளுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் அடுக்கி முடித்த பிறகு நம் மூவரையும் வரச்சொன்னார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்பதால் டாக்டர் சாந்தியையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். விளக்குப் பலகையில் படங்களை மாட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு மண்டையோடு, கறுப்பு வெளியில் மிதந்துகொண்டிருந்தது. முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கீழேயிருந்து நிமிர்ந்து பார்ப்பது மாதிரி ஒன்று. அருள், உயிரோடு இருக்கிற மனிதருக்குத் தன் மண்டையோட்டைப் பார்க்கக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. என் முன்பல்லில் இருக்கிற இடைவெளி அதிலும் இருந்தது. அதை வைத்துத்தான் அது நான் என்று நம்பினேன்.

நீ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாய். "அது... அம்மாவா?" என்று கேட்டாய். டாக்டர் ஆமாம் என்று சொல்லி, பேனாவால் இடது கண்குழியைக் காட்டினார். அந்தக் குழியின் அடியில் கறுப்பாக, கரையான் அரித்த பலகை மாதிரி ஓட்டைகள். அவர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிப்பதற்குள் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினேன், நீ இல்லை. அப்பா எழப் போனார். "விடுங்க, காத்து வாங்கிட்டு வரட்டும்" என்று நான்தான் சொன்னேன். நீ வரவில்லை. மருத்துவமனையிலிருந்து ஈசூன் வரைக்கும் நடந்தே வந்ததாக அப்பாவிடம் பிறகு சொல்லியிருக்கிறாய். அடுத்த வாரமே பைக்கை விற்றுவிட்டாய். உன் மனதுக்குள் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அடிபட்ட பயம் என்றே நினைத்துக்கொண்டோம்.

நீ போன பிறகு நடந்தது இது. கவனமாகப் படி.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று இடித்தது. "சாந்தி, வலது கண்ணப் பாருங்க. அங்கயும் ஓட்டை இருக்கே? அந்தப் பக்கம் அடியே படலையே!" என்றேன். சாந்தி அதை ஆங்கிலத்தில் சொன்னதும், யோசித்து யோசித்துப் பேசுகிற டாக்டர் உடனே சிரித்துவிட்டார். நானே அதைத்தான் சொல்ல வந்தேன், பயந்துவிடாதீர்கள் என்றார். கண்குழியின் தரையும் உள்சுவரும் வெங்காயத் தோல் மாதிரி மெல்லியவை, எல்லாருக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டர் இந்த உருவத்தைக் கட்டும்போது ஓரளவுக்குமேல் அடர்த்தி இருந்தால்தான் எலும்பு என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவு மெல்லியதை அது எலும்பென்றே கணக்கில் சேர்க்காது, விட்டுவிடும். விட்ட இடம் ஓட்டையாகத் தெரியும். "அக்கா, என்னைய எடுத்தாலும் ஓட்டை தெரியும், டாக்டர எடுத்தாலும் தெரியும்" என்றாள் சாந்தி. "அது மெஷினோட குறை. உங்க மூஞ்சியோட குறை இல்ல."

புரிகிறதா? நீ பார்த்துவிட்டு ஓடிய அந்த ஓட்டைகள் உன்னால் வந்தவை இல்லை. விபத்தால் வந்தவையும் இல்லை. உன்னைப் படம் எடுத்தாலும் உன் இரண்டு கண்ணுக்குக் கீழேயும் அதே ஓட்டைகள் இருக்கும். இரண்டு வருடமாக நீ சுமந்தது இல்லாத ஒன்றை. ஒரு நிமிடம் நின்றிருந்தால் அன்றைக்கே அதை அந்த அறையிலேயே போட்டுவிட்டு வந்திருப்பாய்.

உண்மையான அடி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துச் சொன்னால் நீ என்னை நம்பமாட்டாய். கண்குழியின் தரையை அந்த முழு உருவத்தில் பார்க்காமல், குப்புறப் படுக்கவைத்து எடுத்த துண்டுப் படங்களில் டாக்டர் காட்டினார். இடதுபக்கத் தரையில் ஒரு சிறிய உடைப்பு நிஜமாகவே இருந்தது. கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கொஞ்சம் அதில் இறங்கியிருந்தது. மேலே பார்க்கும்போது இரண்டாகத் தெரிந்தது அதனால்தான். முழு உருவத்தின் பலன் வேறு இடத்தில். கீழேயிருந்து பார்க்கிற படத்தில் இரண்டு கன்ன எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. வலதுபக்கம் மாங்காய்க் கதுப்பு மாதிரி எடுப்பாக நின்றது. இடதுபக்கம் எலும்பு அப்படியே பின்னால் போய், கொஞ்சம் திரும்பியும் இருந்தது. காதை நோக்கிப் போகிற வளைவு உள்ளே மடங்கி, தாடை அசைகிற இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் விரிசல் என்று சொன்னது இதைத்தான். எலும்பு பின்னால் போனது பெரிதில்லை, திரும்பியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. வெறுமனே தூக்கினால் பத்தாது, திருப்பியும் வைக்கவேண்டும் என்றார் டாக்டர்.

அப்பா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் பளுதூக்கிக்குக் கீழே நின்று வேலை பார்க்கிற மனிதர், படத்தைப் பார்த்து வியர்த்துப்போயிருந்தார். "கண்ணு பக்கத்துல கத்தி வேணாம்மா" என்றார் என்னிடம். "இருக்கறது போதும். நான் ஓவர்டைம் பாக்குறேன், நீ வேலைய விட்டுடு. மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்ன?"

எனக்கு அவர்மேல் அன்று இருந்த அன்பு சொல்லி முடியாது. ஆனாலும் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. டாக்டரிடம் ஒளிக்காமல் கேட்டேன். கண் போய்விடுமா? அபூர்வமாகப் போகலாம் என்றார். இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன் என்றார். செய்யாவிட்டால்? எலும்பு திரும்பிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு திருத்துவது இன்னும் கஷ்டம். இரண்டாகத் தெரிவது அப்படியே நின்றுவிடலாம். வாயும் முழுதாகத் திறக்காமல் போகலாம். நான் மறுபடி அந்தக் கீழ்ப்படத்தைப் பார்த்தேன். அதற்குமுன் எனக்குள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரியாத பயம் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. ஒரு எலும்பு இடம் மாறியிருக்கிறது, திரும்பியிருக்கிறது, அதைப் பழைய இடத்தில் வைக்கவேண்டும். இவ்வளவுதானே? தெரிந்த பிறகு எனக்குப் பயம் பாதியாகிவிட்டது. "செய்யுங்க டாக்டர்" என்றேன். அப்பாவின் முழங்காலில் கையை வைத்து, "நான் இன்னும் ரொம்ப நாள் பாக்கவேண்டியது இருக்குங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

அறுவை நடந்த நாளில் நீ வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்தே இருந்தாய் என்பதும், சாப்பிட மறுத்தாய் என்பதும், நம் பங்குச் சாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புருவத்து ஓரத்திலும் கண்ணிமைக்குக் கீழும் வாய்க்குள்ளும் கீறி, எலும்பைத் தூக்கித் திருப்பி, பொடித் தகடும் திருகும் வைத்து நிறுத்தினார் டாக்டர். கண்குழியின் தரைக்கு ஒரு மெல்லிய தாங்கல். திரும்பியிருந்தது படத்தில் பார்த்த அதே அளவுதான், தேடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று என்று மறுநாள் வார்டுக்கு வந்து சொன்னார். என் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். இரண்டு விரல் போனது. சில வாரத்தில் மூன்று விரல்.

கன்னத்தில் இன்னும் கொஞ்சம் மரமரப்பு இருக்கிறது, உண்மைதான். சூப் குடிக்கும்போது உதட்டோரம் வழிவது எனக்குத் தெரியாது. நீ கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்வாய், அப்பா தன் கைக்குட்டையை நீட்டுவார். அவர் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இமைக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது, வயதான கோடுகளோடு சேர்ந்துகொண்டது. இவ்வளவுதான் மீதி. ஃபேக்டரிக்குத் திரும்பிய நாளில் சூப்பர்வைசர் மேரி லிம் என்னை மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்து, மற்ற பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, கம்பி ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். "ஓகே லா, கோ பேக் டு யுவர் லைன்" என்றாள், நான் லீவு போட்டுவிட்டு வந்தவள் மாதிரி. அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு எதுவும் இல்லை.

கல்யாணப் பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அறையை விட்டுப் பாதியில் எழுந்து போகாதே. ஸ்டெல்லாவுக்கும் உனக்கும் சண்டை வரும். வராத வீடு உண்டா? அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள், முதல் பாதி உன்னைக் குத்தும். அப்போதுதான் நீ செருப்பைத் தேடுவாய். தேடாதே. மறு பாதியைக் கேள். முதல் பாதியில் ஓட்டை மட்டும்தான் தெரியும். அது எப்படி வந்தது, இன்னொரு பக்கமும் இருக்கிறதா, அதைச் சரிசெய்ய முடியுமா என்பதெல்லாம் இருந்து கேட்கிறவனுக்குத்தான் கிடைக்கும். வலிக்கும், இரு. நானும் அன்று வலியோடுதான் அந்த நாற்காலியில் இருந்தேன்.

அதோடு, அவள் கார் ஓட்டப் பழகவேண்டும் என்று ஆசைப்பட்டாளாம், நீ கூடவே கூடாது என்று சொல்லிவிட்டாயாம். பயத்தை யாரும் மாப்பிள்ளைச் சீராகக் கொண்டுபோவதில்லை, அருள். நீ கொண்டுபோகாதே. அவள் ஓட்டட்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொள். பின்சீட்டில் எனக்கு ஒரு இடம் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகும் பல வாரம் எனக்கு மேலே பார்த்தால் இரண்டாகத்தான் தெரிந்தது. தசை பழக நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில பேருக்குப் போகாமலே இருந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை. துணி துவைத்து மூங்கில் கழியில் கோத்து வைத்திருந்தேன். கனமாக இருந்ததால் என்னைத் தூக்கவிடாமல் நீ வந்து வாங்கிக்கொண்டாய். முக்காலியின்மேல் ஏறி நின்று, ஜன்னலுக்கு வெளியே கழியை நீட்டிச் செருகிக்கொண்டிருந்தாய். உனக்கு என் பக்கம் முதுகு. நான் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தேன். வழக்கம்போல இரண்டு அருள். பின்னால் ஆகாயம், ஈசூனில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி பிளாக்குகள், எல்லாமே இரண்டு இரண்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு பிள்ளையும் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்து, ஒட்டி, ஒரு பிள்ளையாகிவிட்டது. கழியும் ஒன்று. ஆகாயமும் ஒன்று. நான் மூச்சுவிடவில்லை, விட்டால் மறுபடி பிரிந்துவிடுமோ என்று. பிரியவில்லை.

அத்தனை நாளுக்குப் பிறகு என் கண் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது உன்னைத்தான். நீ இறங்கி, என் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாய். என் கண்ணில் தண்ணீர் நின்றதை நீ பார்க்கவில்லை.

சனிக்கிழமை கோயிலில் நான் முதல் வரிசையில் இருப்பேன். ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்திலிருந்து திரும்பும்போது, அவசரப்பட்டு நடந்துவிடாதே. ஒரு நிமிடம் நின்று, என் முகத்தை நேராகப் பார்.

நல்லாயிரு, ராஜா.

உன் அம்மா